யானை தேனுக்காகப் போகவில்லை

‘அன்புள்ள மகனுக்கு’ என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் இன்றைக்கு அதை முதலில் சொன்னால் நீ அந்த வரியோடு நிறுத்திக்கொண்டு, அம்மா வழக்கம்போலத்தான் எழுதியிருக்கிறாள் என்று மடித்து வைத்துவிடுவாய். எனக்கு உன்மேல் கோபம். சாதாரணக் கோபம் இல்லை, சோறு இறங்காத கோபம். போனில் சொல்லிப் பார்த்தேன். முதலில் வேலையாக இருக்கிறேன் என்றாய். இரண்டாவது தடவை சிரித்தாய். அடுத்த தடவை, “அது ஆப்பிரிக்காக் கதைம்மா, நம்ம வீட்டுக் கதையா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் தனியாக அனுப்பவும் போவதில்லை. நீ அந்தப் புத்தகத்தை ஊர் கூட்டிக் காட்டினாய், பதிலும் ஊர் படிக்கிற பத்திரிகையிலேயே வரட்டும். உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு யார் யார் என்று தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது எதுவும் இல்லை.

கொழும்பில் பிஸ்கட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் விளம்பரப் படம் வரைந்துகொண்டிருந்த நீ, ஆப்பிரிக்காவில் பிள்ளைகளுக்குச் சொல்கிற ஒரு முயல் கதையைத் தமிழில் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் வர்ணப் படம் போட்டுப் புத்தகமாக்கினாய். கதையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மழை இல்லாமல் காய்ந்த காட்டில் சிங்கராஜா எல்லா மிருகங்களையும் கிணறு தோண்டக் கூப்பிடுகிறது. முயல் மட்டும் வரவில்லை. புல்லில் இருக்கிற பனியை நக்கிக்கொள்வேன், எனக்கெதற்குக் கிணறு என்று கால்மேல் கால் போட்டுப் படுத்துக்கொள்கிறது. மற்ற மிருகங்கள் நகம் தேயத் தோண்டித் தண்ணீரைக் கண்டதும், முயலை அண்டவிடக் கூடாது என்று யானையைக் காவல் வைக்கின்றன. முயல் ஒரு சுரைக்குடுக்கை நிறையத் தேனோடு வருகிறது. ஒரே ஒரு சொட்டு நக்கக் கொடுத்துவிட்டு, இதற்கு மேல் குடித்தால் ருசியில் ஆளே பறந்துபோய்விடும், காலைக் கட்டிக்கொண்டால்தான் தருவேன் என்கிறது. யானை தன்னைக் கட்டச் சொல்லி வாயைத் திறந்துகொண்டு படுக்கிறது. முயல் வயிறு முட்டக் குடித்து, குளித்து, கிணற்றைக் கலக்கிவிட்டுப் போகிறது. கடைசியில் ஆமை முதுகில் பிசினைப் பூசிக்கொண்டு தண்ணீருக்குள் கிடந்து முயலைப் பிடிக்கிறது. தண்டனை கொடுக்கிற நேரத்தில், என்னை எங்கே வேண்டுமானாலும் எறியுங்கள், அந்த உயரப் புல்லுக்குள் மட்டும் எறிந்துவிடாதீர்கள் என்று முயல் ஒப்பாரி வைக்கிறது. எல்லாரும் சேர்ந்து அதை அந்தப் புல்லுக்குள்ளேயே எறிகிறார்கள், அது ஓடிவிடுகிறது. நல்ல கதைதான். முயல் காது இரண்டையும் பிழிந்துகொண்டு அழுகிற படத்தைப் பார்த்து நானும் சிரித்தேன்.

ஹட்டனில் அந்த மண்டபத்தில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திரையில் காட்டினீர்கள். உன் அப்பா நம் கல்யாண வீடுகளுக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலை பஸ்ஸுக்கே வந்து, மண்டபத்துக் கதவு திறப்பதற்கு முன்பிருந்து வாசலில் நின்றவர். யானை வந்த பக்கத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யானைக்குக் காதை மூடுகிற பச்சைக் கம்பளித் தொப்பி. தொப்பியில் ஒரு பக்கம் கிழிந்து, சிவப்பு நூலால் தைத்திருக்கிறது. அந்தத் தையல் நான் போட்டது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்குகிற டோர்ச் லைட். அடுத்த பக்கத்தில் அதே யானை, மழைத் தண்ணீர் ஓடத் தேயிலைக்கு நடுவில் வெட்டுவோமே கான், அந்தக் கானுக்குள் மல்லாந்து கிடக்கிறது. நாலு காலும் மேலே, வாயோரம் தேன் வழிகிறது, கண் செருகியிருக்கிறது. முயலுக்குக் கட்டம் போட்ட சாரமும் முறுக்கு மீசையும் வைத்திருந்தாய். மண்டபமே கைதட்டிச் சிரித்தது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘எனக்குச் சிரிக்கச் சொல்லித் தந்த என் மாமாவுக்கு’ என்று போட்டிருந்தாய். உன் மாமா, என் கூடப் பிறந்த அண்ணன், முன்வரிசையில் எழுந்து நின்று மீசையைத் தடவிக் கும்பிடு போட்டார். உன் அப்பாவும் சிரித்தார். அந்த நேரத்தில் அவர் என் கையைப் பிடித்திருந்த பிடி எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டு நம் லயத்து வரிசையில் வீடு வீடாகப் போய்க் காட்டினார். “எம் மவன் வரைஞ்சது. இந்தா, இது நான்தான், தொப்பியப் பாருங்க” என்று யானையைத் தொட்டுக் காட்டினார். நான் வேலை செய்கிற பிள்ளைக் காம்பராவுக்கும் நீ புத்தகம் அனுப்பியிருந்தாய். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தக் கதை மனப்பாடம். போன கிழமை அவர் பாண் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பும்போது, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பின்னாலேயே ஓடின. “யானைத் தாத்தா, தேன் வேணுமா? கானுக்குள்ள படுங்க தாத்தா!” அவர் காலை இழுத்து இழுத்து நடப்பதைப் போலவே அதுகளும் நடந்து காட்டின. அவர் என்ன செய்தார் தெரியுமா? நின்று, திரும்பி, பாணைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அதுகள் சிரிக்கட்டும் என்று வாயை ஆவென்று திறந்து காட்டினார். நான் காம்பரா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, சொல்லிக் கொடுத்ததைத்தானே அதுகள் செய்கின்றன. சொல்லிக் கொடுத்தவன்மேல்தான் வந்தது.

“பாசத்துலதாம்மா வரைஞ்சேன். யானைன்னா எனக்கு அப்பாதான் ஞாபகம் வரும்” என்றாய். அது பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். நீ பென்சில் பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவரைத்தான் வரைந்தாய். வேலை விட்டு வந்த மனுஷன் குளிக்கக்கூடப் போகாமல் அடுப்பு ஓரத்தில் அந்தத் தொப்பியோடு உட்காருவார், நீ ‘ஆடாதீங்கப்பா’ என்று அதட்டுவாய். ஒருநாள் சோறு பொங்கி அடுப்பை அணைத்தது, நான் வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், அவர் கண்ணெதிரே பொங்குவதைப் பார்த்துக்கொண்டே ஆடாமல் இருந்தார். ஏன் என்று கத்தினேன். “மூக்கு இன்னும் முடியலயாம்” என்றார். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போகிற வழியில் எல்லாரும் அவரைக் கேலி செய்வார்கள், மகன் படத்துக்கு நிற்கிற சினிமா நடிகர் என்று. ஹட்டனுக்குப் போனால் உனக்கு வர்ணப் பென்சில் இல்லாமல் திரும்பியதில்லை. அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து உன் கைக்குப் பழக்கமான முகம் அது. அந்த முகத்தைத்தான் நீ கொண்டுபோய்க் கானுக்குள் மல்லாத்தினாய். பாசம் இருந்தால் மட்டும் போதுமா மகன்? பாசத்தோடுதானே உன் மாமாவும் உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு உன் அப்பாவைப் பற்றிய கதைகளைச் சொன்னார்.

அன்றைக்கு மேடையில் நீ பேசியதையும் கேட்டேன். ஆப்பிரிக்காவில் இந்த முயல் கதைகளைச் சொன்னவர்கள் எளிய சனங்கள் என்றாய். பலமில்லாதவன் தன் புத்தியால் பலசாலியைக் கவிழ்ப்பதைப் பார்த்து, நாளெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் சிரித்துக்கொள்வதற்காகச் சொன்ன கதைகள் என்றாய். கதை வாய்க்கு வாய் மாறும், அதுதான் அதன் அழகு என்றும் சொன்னாய். நன்றாகப் பேசினாய், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பேசிவிட்டு என்ன படம் காட்டினாய்? உன் புத்தகத்தில் சிங்கம் ஏமாறவே இல்லை. முதல் பக்கத்தில் உத்தரவு போட்டுவிட்டுப் போய்த் தூங்குகிறது. ஏமாறுவது தோண்டினவன். ரோட்டோரத்தில் வேன் கழுவுகிற சொந்தக் கடையும் தண்ணி ஏற்றுகிற ஒரு பவுசர் லொறியும் வைத்திருந்த ஆளுக்கு முயல் வேசம் போட்டாய். மண்வெட்டியும் கையுமாகக் கிடந்து தோட்டத்தில் கூலி வாங்கிய ஆளுக்கு யானை வேசம் போட்டாய். யார் இதில் பலசாலி, யார் பலமில்லாதவன்? இவ்வளவு படித்தும் உனக்கு அது தெரியாமல் போனது எப்படி?

இப்போது நம் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். நீ மாமா வாயால் கேட்ட கதை இல்லை இது. நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தாய். நம் மேட்டு லயத்துக்குப் மலைப் பீலியில் வழிகிற தண்ணி போதாமல், காட்டோரத்து ஊற்றைத் தோண்டி, தொட்டி கட்டி, குழாய் போட்டு இறக்கினோம். தோட்டத் துரைமார் தரவில்லை, கவுன்சிலும் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துச் சனம் முழுவதும் சிரமதானம் செய்து கொண்டுவந்த தண்ணி. நானும் மண் சுமந்தேன். உன் மாமாவைக் கூப்பிட்டபோது, “எனக்கு ரோட்டுப் பைப்பு இருக்கு, நீங்க வெட்டிக் குடிங்க” என்றார். அந்த வருசம் தை, மாசியில் ஒரு பொட்டு மழை இல்லை. ரோட்டுப் பைப்பு நின்றுபோனது. சிவனொளிபாதமலைக்குப் போகிற வேன்கள் வரிசையாக வருகிற காலம், கழுவத் தண்ணி இல்லாமல் அவர் கடை காய்ந்துபோய்க் கிடந்தது. நம் தொட்டித் தண்ணியைக் காலையும் மாலையும் அளவாகத் திறந்துவிடுவார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலிக்கிற நாள் நெருங்கியதால், ஊருக்கெல்லாம் பொங்கவும் குளிக்கவும் வேண்டும் என்று மாலைத் தண்ணியை நிறுத்திவிட்டுத் தொட்டியை நிரப்பி வைத்திருந்தார்கள். பகல் வேலை முடிந்த பிறகு அதற்குக் காவல் உன் அப்பா. அந்த வருசம் கரகம் சுமக்கப் போவதும் அவர்தான். கையில் காப்புக் கட்டி, பாயில் படுக்காமல், ஒரு வேளை சாப்பாட்டோடு விரதம் இருந்தார்.

உன் மாமா தேன் கொண்டு போகவில்லை. சாராயமும் கொண்டு போகவில்லை. மூச்சு வாங்க ஓடிப்போய், “மச்சான், மவன் ஸ்கூல்ல மரத்துல இருந்து வுழுந்துட்டான். பேச்சு மூச்சு இல்ல. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க” என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். உன்னைச் சொன்னார் மகன். உன் அப்பாவை அந்த இடத்தைவிட்டு அசைக்க உலகத்தில் வேறு எதனாலும் முடியாது என்று அவருக்குத் தெரியும், அதனால் உன்னை எடுத்தார்.

உன் அப்பா பாதையில் போகவில்லை. தேயிலைக்குள்ளேயே குறுக்கே இறங்கி ஓடினார். கானுக்குள் விழுந்தது அப்போதுதான். முழங்கால் திரும்பிவிட்டது. அந்தக் காலோடு, தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து எழுந்து, டிக்கோயா வரைக்கும் போனார். ஆஸ்பத்திரியில் அவருக்குத் தெரிந்த சிங்களத்தில் “மகே புதா, மகே புதா”, என் மகன், என் மகன் என்று கேட்டுக்கொண்டே வார்டு வார்டாகத் தேடியிருக்கிறார். ஒரு நர்ஸ் நோனா பாவப்பட்டு எல்லா இடத்திலும் விசாரித்து, அப்படி ஒரு பிள்ளை வரவே இல்லை என்று சொல்லி, உங்கள் காலைக் காட்டிவிட்டுப் போங்கள் என்றாராம். இவர் நிற்கவில்லை. அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஸ்கொலர்ஷிப் வகுப்பு முடிந்து நீ மைதானத்தில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தாய். வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். ஓடுகிறாய், எறிகிறாய், சண்டை போடுகிறாய். கூப்பிடவில்லை, பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். அதற்குள் உன் மாமா பவுசரை மேலே கொண்டுவந்து தொட்டியில் ஹோஸ் போட்டுத் தண்ணியை இறக்கிவிட்டார். தொட்டி அடியில் சேறுதான் மிச்சம்.

அன்று மாலை நீ வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? “அம்மா, அப்பா ரோட்டுல தள்ளாடிக்கிட்டுப் போனாரு. கூட்டாளிங்க எல்லாம் பாத்தானுங்க. அப்பா குடிச்சிருந்தாரா?” என்று கேட்டாய். முகம் சிவந்து அழப்போனாய். உள்ளே உன் அப்பா சுடுதண்ணியில் துணி நனைத்து முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கோபத்தில் கத்தப்போனேன். அவர் என் வாயைப் பொத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. “புள்ளைக்கு ஒண்ணுமில்ல. நல்லா வெளையாடுறான்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதை வரை பார்க்கலாம் உன்னால் முடிந்தால்.

விடிந்ததும் தண்ணி இல்லை. திருவிழாவும் அதுவுமாகச் சனம் வாளியோடு கோயில் முன்னால் கூடிவிட்டது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். டிக்கோயா ரோட்டில் தள்ளாடி நடந்ததைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார். உடனே உன் மாமா, “நானும் சாராயத் தவறணைப் பக்கம் கண்டேன், சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்” என்றார். காப்புக் கட்டின மனுஷன் சாராயம் குடித்தான் என்றால் நம் சனத்திடையே அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணி போனதைக்கூட மறந்துவிட்டார்கள். அம்மன் காரியத்தில் கெட்டவன் என்று ஆகிவிட்டது. பூசாரி நேராகக் கேட்டார், “நீ எடத்தை வுட்டுப் போனியா இல்லையா?” உன் அப்பா, “போனேன், தப்பு எம்மேலதான்” என்றார். எதற்குப் போனாய் என்று கேட்டபோது வாய் திறக்கவில்லை. அத்தனை பேர் பார்க்க அவர் கையைப் பிடித்துக் காப்பை அறுத்தார்கள். கரகத்தை வேறொருவர் சுமந்தார். நீ என் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாய். இன்றைக்கும் திருவிழாவில் உன் அப்பா கோயிலுக்கு உள்ளே போவதில்லை. வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். நீ லீவுக்கு வரும்போதெல்லாம் பார்த்திருப்பாய். ஏனென்று ஒருநாளாவது கேட்டாயா?

ஏன் சொல்லவில்லை என்று நான் அவரைக் கேட்காமலா இருந்தேன். “சொன்னா நாளைக்கு லயத்துல எல்லாரும் புள்ளயக் காட்டி, இவனாலதான் தண்ணி போச்சு, இவனாலதான் அப்பன் காப்பை அறுத்தாங்கன்னு பேசுவாங்க. அவன் படிக்கிற புள்ள. அந்தப் பேச்சை அவன் தூக்கிக்கிட்டு அலையக் கூடாது” என்றார். அதோடு என் அண்ணனைச் சனம் அடித்தே கொன்றுவிடும் என்றும் பயந்தார். தூங்கிக்கொண்டிருந்த உன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். நான் என் அண்ணன் கடைக்குப் போனேன். அவர் வேனைக் கழுவிக்கொண்டே, அந்தத் தண்ணியாலேயே கழுவிக்கொண்டே, “ஒரு தமாசுக்குச் சொன்னேன் தங்கச்சி. இம்புட்டுத் தூரம் போவும்னு யாரு கண்டா? தண்ணி என்னா, மழை பேஞ்சா வரும்” என்றார். அன்றிலிருந்து அவர் கொடுத்த தேத்தண்ணியை நான் குடித்ததில்லை. அவரோ அதற்குப் பிறகு ஒரு கல்யாணம், ஒரு சடங்கு விடாமல் அந்தக் கதையை எடுத்துவிடுவார். மச்சான் காப்போடு குடித்துவிட்டுக் கானுக்குள் யானை மாதிரிக் கிடந்ததாகவும், தும்பிக்கையால் தண்ணி தேடியதாகவும் நடித்துக் காட்டுவார். நன்றாக நடிப்பார், அதை ஒத்துக்கொள்கிறேன். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நீ முதலில் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்தாய். பிறகு, சிரித்தால் வெட்கம் தெரியாது என்று கண்டுகொண்டாய். பதினைந்து வயதில் மாமா பக்கத்தில் உட்கார்ந்து நீயே தும்பிக்கை பிடித்துக் காட்டினாய். அந்தக் கல்யாண வீட்டில் உன் அப்பா பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். உன் இலைக்கு இரண்டாம் தடவை பாயாசம் ஊற்றிவிட்டுப் போனார்.

இத்தனை வருசம் அந்தச் சத்தியத்தைக் காத்தேன். இப்போது உடைக்கிறேன். உனக்கு ஒன்றும் ஆகிவிடாது, முப்பது தாண்டிய ஆம்பிளை நீ. பத்து வயசுப் பிள்ளை தூக்கக் கூடாது என்று அவர் மறைத்து வைத்த பாரத்தைத் தூக்குகிற வயது உனக்கு எப்போதோ வந்துவிட்டது. அவருக்கு இது தெரிந்தால் என்னோடு பேசமாட்டார். பேசாமல் இருக்கட்டும். கூலி வேலை செய்தவன் தலையில் எந்தக் கதையை வேண்டுமானாலும் கட்டிவிடலாம், அவன் திருப்பிச் சொல்லமாட்டான் என்று உன் மாமா நினைத்தார். நீயும் அதையே நம்பிப் படம் போட்டாய். நீ வாழ்க்கையில் இன்னும் எவ்வளவோ வரையப்போகிறாய். ஒருவனைப் பார்த்து ஊர் சிரிக்கிறது என்றால், அந்தக் கதையை முதலில் சொன்னவன் யார், அதில் அவன் வயிறு எப்படி நிறைந்தது என்று விசாரித்துவிட்டுப் பிறகு பென்சிலைத் தொடு. தாய் என்கிற உரிமையில் இந்த ஒரு புத்தியைத்தான் சொல்வேன். மற்றதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

புத்தகம் எல்லாம் விற்றுத் தீர்ந்தது, மறுபடி அச்சடிக்கப் போகிறார்கள், பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பப் போகிறார்கள் என்று சந்தோசமாகச் சொன்னாய். யானையின் தொப்பியைக் கழற்றிவிடுகிறேன், யாருக்கும் அடையாளம் தெரியாது என்றும் சொன்னாய். தொப்பியைக் கழற்றாதே. அவரை யார் என்று தெரியாமல் ஆக்கிவிட்டால் சரியாகிவிடுமா? தேனைத்தான் எடுக்க வேண்டும். முயல் வந்து என்ன பொய் சொன்னது என்று எழுது. யானை எப்படி ஓடியது என்று வரை. ஆப்பிரிக்காக்காரர்கள் கோபிக்கமாட்டார்கள், வாய்க்கு வாய் மாறுவதுதான் கதையின் அழகு என்று நீயே சொன்னாயே. முடியாது, அச்சுக்காரர் காத்திருக்கிறார் என்று என்னிடம் சொல்லாதே. அந்தப் படத்தோடு இன்னொரு தடவை புத்தகம் வந்தால், என் வீட்டு வாசலில் அதைக் கொண்டுவராதே. நீ வரலாம். எப்போது வந்தாலும் சோறு போடுவேன். புத்தகம் வரக்கூடாது.

நீ மாற்றுகிற வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. நேற்றுப் பிள்ளைக் காம்பராவில் உன் புத்தகத்தை விரித்து வைத்து, யானை வருகிற பக்கம் வந்ததும் கையால் மூடிக்கொண்டு, வாயால் சொன்னேன். முயல் வந்து, யானையாரே, உங்கள் குட்டி பள்ளத்தில் விழுந்துவிட்டது என்றது. யானை ஓடியது. வழியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டது. அந்தக் காலோடு காடெல்லாம் தேடியது. குட்டி ஒரு இடத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் பிள்ளைகள் கைகொட்டிக் கத்தும், நேற்று நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. மேல் லயத்துச் சின்னப் பெண் ஒருத்தி, எப்போதும் கதையைவிட விரலைத்தான் அதிகம் சாப்பிடுகிறவள், விரலை எடுத்துவிட்டு, “குட்டிக்கு அடிபட்டிச்சா டீச்சர்?” என்று கேட்டாள். “இல்லடி, ஒண்ணுமில்ல” என்றேன். “யானைக்குக் கோவம் வந்திச்சா?” என்றாள். “இல்ல, சந்தோசம் வந்திச்சு” என்றேன். “அப்பறம் குட்டி பெரிசானதும், அப்பாகிட்ட வந்து காலு வலிக்குதான்னு கேட்டிச்சா?” என்றாள்.

எனக்குப் பொய் சொல்ல மனமில்லை. “இன்னும் கேக்கலடி” என்றேன். எப்போது கேட்கும் என்று அவள் கேட்டாள். பதில் சொல்.

அம்மா